வேலியில போன ஓணான்: போன ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பேசுனது

அவைத்தலைவர் ஐயா அவர்களே, இந்த ஹாலை வாடகை வாங்காம குடுத்த தலைமை ஆசிரியர் அம்மா அவர்களே, ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிற ஓய்வுபெற்ற ரேஞ்சர் ஐயா அவர்களே, முன்வரிசைப் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலா வேப்பங்கன்னு குடுத்தீங்க, அதுக்கு தனியா ஒரு நன்றி.

மூணு விஷயம் பேச வந்தேன். ஸ்பெயினுக்குக் கிழக்க மத்தியதரைக் கடல்ல இபிசா, ஃபார்மென்டெரான்னு தீவுங்க இருக்கு. அங்க இருக்கிற பல்லி, கடல்புல்லு, டூரிஸ்ட் கூட்டம், இந்த மூணும்தான்.

முதல்ல பல்லி. சுவத்துல ஓடுறது இல்லைங்க, நம்ம அரணை மாதிரி இருக்கும், பச்சை, நீலம், சில குட்டித்தீவுல கருப்புன்னு தீவுக்குத் தீவு நிறம் மாறும். அந்த ஊர்ல முன்ன பாம்பே கிடையாது. இபிசா மண்ணுக்கு பாம்பு ஓடிப்போயிரும்னு ரோமாபுரி காலத்து பிளினி எழுதி வச்சிருக்காருன்னா பாருங்க!

அப்புறம் அங்க பாம்பு எப்படி வந்துச்சு? பங்களா, ஓட்டல் தோட்டத்துல அழகுக்கு வைக்க ஸ்பெயின் பெருநிலத்துல இருந்து கிழட்டு ஆலிவ் மரத்தை வேர்மண்ணோட பேத்து, லாரில ஏத்தி, கப்பல்ல கொண்டாந்து இறக்குனாங்க, வயசான ஆலிவ் எப்படி இருக்கும், நம்ம புளியமரப் பொந்து பாத்திருக்கீங்கல்ல, அந்த மாதிரி முறுக்கிக்கிட்டு அடிமரம் பூரா ஓட்டை, அந்தப் பொந்துக்குள்ள குளிருக்கு சுருண்டு கிடந்த பாம்பு, அதுங்க முட்டை எல்லாமே மரத்தோட கரையேறிடுச்சு. 2003-ல முதல்தடவை கண்ணுல பட்டுச்சு. வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு குத்துதே குடையுதேன்னானாம், எங்க அப்பத்தா அடிக்கடி சொல்லும், அதேதான்.

விஷமில்லாத பாம்புதான், லாடப் புள்ளி சாட்டைப் பாம்பு. ஆனா அது வயித்தை அறுத்துப் பாத்தா தின்னதுல பாதிக்கு மேல இந்தப் பல்லி. பாம்பு நிலைச்ச இடத்துல பல்லியைக் காணோம், பாம்பு நீந்தி குட்டித்தீவுக்கும் போயிருச்சு. அந்தப் பல்லிதாங்க அங்க சில செடிக்கு மகரந்தம் கடத்தி விதை பரப்புறது, அது போனா செடியும் தவிச்சுப் போகும். இப்ப மரப்பெட்டியில எலியை வச்சு வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல பாம்பு பிடிக்கிறாங்க, தீரல. ஓணான் வேட்டிக்குள்ள போயிருச்சே!

கடல்புல்லு, டூரிஸ்ட் கூட்டம் பத்தி விரிவா பேச நேரமில்ல. அங்க கடல்புல்லு ஒரே செடி 8 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியிருக்கு, 2006-ல கண்டுபிடிச்சாங்க, படகு நங்கூரம் அந்தப் புல்லைக் கிழிக்குது.

நான் கேக்கிறது ஒண்ணுதாங்க. வீட்டுக்கோ கோயிலுக்கோ மரம் வைக்கணும்னா உள்ளூர் கன்னு வைங்க. வேர்மண்ணோட கப்பல்ல வர்ற பெரிய மரத்தை பொந்து பொந்தா சோதிக்காம துறைமுகத்துல இறக்கக் கூடாதுன்னு மனு எழுதி வாசல் மேஜையில வச்சிருக்கோம். ரேஞ்சர் ஐயா முதல் கையெழுத்து போட்டுட்டார், பேனா அங்கயே இருக்கு.