வீடியோ காலில் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா?

சரி, அடுத்த கேள்வி சவூதியிலிருந்து. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். தம்மாம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது பற்றித்தான். கேள்வியைச் சுருக்கி வாசிக்கிறேன்: "ஃபாதர், இங்கே கோவில் கிடையாது. மூன்று வருடமாகப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. ஊரில் எங்கள் பங்குத் தந்தை எனக்கு நல்ல பழக்கம். வாட்ஸ்அப் வீடியோ காலில் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தால் செல்லுமா? கொரோனா நேரத்தில் போப் ஆண்டவரே டிவியில் மன்னிப்புக் கொடுத்தார், அதனால் செல்லும் என்று ரூமில் ஒரு நண்பர் சொல்கிறார்."

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். செல்லாது. ஆனால் அதைக் கேட்டதும் வீடியோவை நிறுத்திவிடாதீர்கள். மூன்று வருடமாகக் கடவுளுடைய மன்னிப்பு எட்டாத இடத்தில் இருக்கிறோமோ என்கிற பயம் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. அதற்கு என் பதில் வேறு.

நண்பர் சொன்னதில் ஒரு குழப்பம் இருக்கிறது. அவர் மட்டுமல்ல, நிறையப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2020 மார்ச் 27-ஆம் தேதி, மழையில், ஆளே இல்லாத புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் நற்கருணை ஆசீர் கொடுத்தாரே, அதைத்தான் சொல்கிறார். அதோடு கொடுக்கப்பட்டது பரிபூரண பலன். மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிஞ்சியிருக்கிற தண்டனையை நீக்குவது அது. பாவத்தையே மன்னிப்பது ஒப்புரவு அருட்சாதனம், அதாவது பாவசங்கீர்த்தனம். பரிபூரண பலனை ரேடியோ, டிவி வழியாகப் பெறலாம் என்று 1985-லேயே ரோம் சொல்லிவிட்டது. அருட்சாதனத்துக்கு அப்படி ஒரு அனுமதி எப்போதும் வந்ததில்லை. கொரோனா நேரத்தில்கூட வரவில்லை.

அந்த நேரத்தில் என்ன அனுமதித்தார்கள் தெரியுமா? வத்திக்கானில் பாவமன்னிப்பு தொடர்பான விஷயங்களைக் கவனிக்கிற நீதிமன்றம் ஒன்று இருக்கிறது. 2020 மார்ச்சில் அது ஒரு குறிப்பு வெளியிட்டது. நோயாளிகளிடம் நெருங்கிப் போக முடியாத சூழலில், ஆயரோடு பேசி, குரு மருத்துவமனை வார்டின் வாசலில் நின்று பொதுப் பாவமன்னிப்பு, அதாவது தனித்தனியாகப் பாவங்களைக் கேட்காமல் எல்லோருக்கும் சேர்த்து மன்னிப்புக் கொடுக்கலாம், குரல் கேட்பதற்காக ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளலாம் என்றது. கவனியுங்கள், மைக் வரைக்கும் போனார்கள், போன் வரைக்கும் போகவில்லை. வாசலில் நிற்கிற குரு அங்கேதான் இருக்கிறார். அதே வருடம் டிசம்பரில் அந்த நீதிமன்றத்தின் தலைவர் கர்தினால் மவுரோ பியாச்சென்சாவிடம் போன் வழியாகக் கொடுக்கும் பாவமன்னிப்பைப் பற்றி ஒரு பேட்டியில் கேட்டார்கள். அது செல்லாது என்றே கொள்ள வேண்டியிருக்கும் என்கிற மாதிரிதான் பதில் சொன்னார்.

இது போன் வந்த பிறகு எழுந்த கேள்வியும் இல்லை. தூரத்தில் இருக்கிற குருவுக்குக் கடிதம் எழுதியோ ஆள் அனுப்பியோ பாவத்தை அறிக்கையிட்டு, தூரத்திலிருந்தே மன்னிப்பும் பெறலாமா என்று 16-ஆம் நூற்றாண்டிலேயே வாதம் நடந்தது. பெரிய பெரிய இறையியலாளர்கள் அதில் இறங்கினார்கள். 1602 ஜூன் 20-ஆம் தேதி, எட்டாம் கிளமென்ட் திருத்தந்தை காலத்தில், அது கூடாது என்று தீர்ப்பு வந்தது. கடிதம் போய் இன்று வாட்ஸ்அப் வந்திருக்கிறது, கேள்வி அதேதான்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குரல் கேட்டால் போதாதா, வீடியோவில் முகமும் தெரிகிறதே? ஆனால் காது கேளாதவர்கள் தாளில் எழுதிக் கொடுத்துப் பாவசங்கீர்த்தனம் செய்கிறார்கள், அது செல்லும். அங்கே குரல் இல்லை, ஆள் இருக்கிறார். திருமுழுக்கை யாரும் ஆன்லைனில் கேட்பதில்லை, தண்ணீர் தலையில் பட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். நோயில்பூசுதலையும் கேட்பதில்லை. பாவசங்கீர்த்தனம் வெறும் பேச்சு மாதிரித் தெரிவதால்தான் அதை மட்டும் போனில் செய்துவிடலாம் என்று தோன்றுகிறது. பேச்சாகத் தெரிந்தாலும் அதுவும் ஒரு மனிதன் இன்னொரு மனிதன் முன்னால் வந்து நிற்பதுதான். வார்த்தை மனிதரானார் என்று விசுவசிக்கிற சபை நாம், உடலை அவ்வளவு லேசாக விட்டுவிட முடியாது.

இதற்கு ஒரு நல்ல மறுப்பு இருக்கிறது. நானே எடுத்துப் போடுகிறேன். மத்தேயு 8-ஆம் அதிகாரத்தில், வேலைக்காரப் பையன் நோயாய்க் கிடந்தபோது, நூற்றுவர் தலைவர் என்கிற படை அதிகாரி இயேசுவிடம் என்ன கேட்டார்? நீர் என் வீட்டுக்கு வர வேண்டாம், ஒரு வார்த்தை சொல்லும், போதும் என்றார். இயேசுவும் போகவில்லை. அங்கிருந்தே சொன்னார், பையன் குணமானான். ஒவ்வொரு பூசையிலும் நன்மை, அதாவது நற்கருணை வாங்குவதற்கு முன்னால் அந்தத் தலைவரின் வார்த்தையைத்தானே சொல்கிறோம்? அப்படியானால் கடவுளுக்குத் தூரம் ஒரு தடையா? தடையில்லை. அருட்சாதனங்களைத் திருஅவைக்குக் கொடுத்தவர் அவற்றுக்குள் தன்னை அடைத்துக்கொள்ளவில்லை. கட்டுப்பாடு எங்களுக்குத்தான், அதாவது குருக்களுக்கு. "எவருடைய பாவங்களை நீங்கள் மன்னிப்பீர்களோ" என்று எங்களிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தார். எப்படிக் கொடுத்தாரோ அப்படித்தான் நாங்கள் செய்ய முடியும். தூரத்திலிருந்து மன்னிப்பது அவருடைய உரிமை. அவர் அதைச் செய்கிறார் என்றும் திருஅவை கற்பிக்கிறது.

பாவத்துக்காக வருந்திச் சொல்கிற செபம், சின்ன வயதில் மனப்பாடம் செய்த உத்தம மனஸ்தாப மந்திரம் ஞாபகம் இருக்கிறதா, தம்பி? "என் சர்வேசுரா சுவாமி" என்று தொடங்கும். நம் பாட்டிமார் மூச்சு விடாமல் சொல்வார்கள். அந்த மந்திரத்தில் நரக பயம் முதலில் வராது. தேவரீர் அளவில்லாத நன்மை நிறைந்தவர், அதனால் உம்மை முழு மனதுடன் நேசிக்கிறேன், இப்படிப்பட்ட உமக்குப் பொருந்தாத பாவங்களைச் செய்தேனே என்று மனஸ்தாபப்படுகிறேன் என்று போகும். முதலில் அன்பு, அதிலிருந்து துக்கம். தண்டனைக்குப் பயந்து வருகிற துக்கமும் நல்லதுதான், ஆனால் அது அருட்சாதனத்தின் துணையோடு நிற்பது. அன்பிலிருந்து வருகிற துக்கம், வாய்ப்புக் கிடைக்கும்போது சீக்கிரமே பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்கிற உறுதியோடு சேரும்போது, சாவான பாவத்துக்கும், அதாவது கனமான பாவத்துக்கும், மன்னிப்பைப் பெற்றுத் தருகிறது. 1551-இல் ஆயர்கள் கூடிய திரிதெந்தின் பொதுச்சங்கம் சொன்னது இது. மறைக்கல்வி நூலில் 1452-ஆம் எண்ணில் இன்றைக்கும் இருக்கிறது. 2020 மார்ச் 20 காலைப் பூசையில் திருத்தந்தை பிரான்சிஸ் இதைத்தான் ஞாபகப்படுத்தினார்: குரு கிடைக்கவில்லையா, மறைக்கல்வி சொல்கிறபடி கடவுளிடம் நேராகப் பேசுங்கள் என்றார். புதிதாக எதையும் அவர் அனுமதிக்கவில்லை, நாம் மறந்துபோனதைச் சொன்னார்.

அதற்காக இது எளிதான குறுக்கு வழி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் துக்கம் அன்பிலிருந்து வந்ததா, பயத்திலிருந்து வந்ததா என்று யாரால் நிச்சயமாகச் சொல்ல முடியும்? அதனால்தான் குருவின் வாயிலிருந்து "உன் பாவங்களை மன்னிக்கிறேன்" என்று காதால் கேட்பது அவ்வளவு பெரிய ஆறுதல். பக்கத்திலேயே கோவில் இருந்தும் சோம்பலால் போகாதவருக்கு நான் இதே பதிலைச் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு முன்னாலும் இப்படி இருந்தவர்கள் உண்டு. 1658-இல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு அங்கே கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை. கிட்டத்தட்ட முப்பது வருடம் நம் தமிழ்க் கத்தோலிக்கர்கள் குருவே இல்லாமல் விசுவாசத்தைக் காப்பாற்றினார்கள். 1687-இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைப் பார்த்து யார் முகம் மாறுகிறது என்று கவனித்து, யார் கத்தோலிக்கர் என்று கண்டுபிடித்தார். அப்புறம் சில்லாலையில் தங்கி, இரவு நேரங்களில் பாவசங்கீர்த்தனம் கேட்டார், பூசை வைத்தார். 2015 ஜனவரியில் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அந்த முப்பது வருடத்தில் இறந்துபோனவர்கள் மன்னிப்பில்லாமல் போனார்கள் என்று யாராவது சொல்வார்களா? இதையே காரணம் காட்டி வாஸ் அடிகளாரும் கோவாவிலேயே இருந்துவிடவில்லை. இந்த விஷயத்தில் எங்களைப் போன்ற குருக்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. மக்கள் வர முடியாதபோது நாம் என்ன செய்தோம் என்று கேட்டுக்கொள்வது குறைவு.

சரி, நடைமுறைக்கு வருவோம். பங்குத் தந்தையோடு வீடியோ காலில் பேசுங்கள், மனம் விட்டுப் பேசுங்கள். ஆலோசனை கேட்கலாம், சேர்ந்து செபிக்கலாம், அவர் ஆசீர் கொடுக்கலாம். அது அருட்சாதனம் ஆகாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தால் போதும். ஆனால் பாவங்களை வாய்ஸ் மெசேஜாகவோ எழுத்தாகவோ அனுப்பாதீர்கள். ரூமில் போன் யார் கையில் இருக்கும், பேக்கப் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியாது. பாவசங்கீர்த்தன ரகசியத்தைத் திருஅவை எவ்வளவு கடுமையாகக் காக்கிறது என்றால், அதைக் கருவிகளால் பதிவு செய்பவர்களுக்கு 1988-லேயே திருஅவை விலக்குத் தண்டனை அறிவித்தார்கள். 2021-இல் திருத்தப்பட்ட திருஅவைச் சட்டத்திலும் 1386-ஆம் எண்ணில் அதற்குத் தண்டனை இருக்கிறது.

தினமும் படுக்கும்போது அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்துவிட்டு மனஸ்தாப மந்திரத்தை நிதானமாகச் சொல்லுங்கள். நம் பாட்டிமார் வேகத்தில் வேண்டாம். யூடியூப் பூசையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பாருங்கள், நல்லதுதான். போக முடியாதவருக்கு ஞாயிறு பூசைக்குப் போக வேண்டிய கடன் இல்லை, அதனால் மனதை உறுத்திக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், நீங்கள் இருப்பது தம்மாம். பஹ்ரைன் பாலம் 25 கிலோமீட்டர்தான். மனாமாவில் திரு இருதயக் கோவில் இருக்கிறது, அவாலியில் 2021-இல் அரேபிய மாதா பேராலயமும் வந்துவிட்டது. விசா, எக்ஸிட் ரீ-என்ட்ரி எல்லாம் எல்லோருக்கும் அமையாது என்று எனக்குத் தெரியும். அமைகிறவர் என்றால் ஒரு லீவு நாளில் போய் வாருங்கள். அமையாவிட்டால் ஊருக்கு வருகிற வரை காத்திருங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்கிற சட்டம், முடியாதவரைக் குற்றவாளி ஆக்காது.

ஊருக்கு வந்ததும், ஏற்கெனவே மனஸ்தாபப்பட்ட சாவான பாவங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எத்தனை தடவை என்று துல்லியமாக ஞாபகம் இல்லாவிட்டால், ஞாபகம் இருக்கிற அளவுக்குச் சொன்னால் போதும். ஞாயிறு பூசைக்கு ஐந்து நிமிடம் முன்னால் வரிசையில் போய் நிற்காதீர்கள். மூன்று வருடப் பாவசங்கீர்த்தனத்துக்கு நேரம் வேண்டும். டிக்கெட் போட்டதும் ஃபாதரிடம் ஒரு நாள் குறித்து வாங்கிவிடுங்கள், அதற்கு வாட்ஸ்அப் தாராளமாகப் போதும்.