வீட்டில் 2 மணி நேரம், டேகேரில் 40 நிமிடம்: பகல் தூக்கம் எங்கே போகிறது?

[காட்சி: திரை இழுத்துவிட்ட அறை. வரிசையாகச் சின்ன மெத்தைகள். எல்லோரும் படுத்திருக்க, ஒரு குழந்தை மட்டும் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருக்கிறது.]

மதியம் மணி 1. இவளுக்கு ஒன்றேகால் வயது. காலையில் 5.30க்கே எழுந்துவிட்டாள். 9.30க்குக் கண்ணைக் கசக்கினாள். அது விளையாட்டு நேரம். 11.30க்குச் சாப்பாட்டுத் தட்டின் மேலேயே தலை சாய்ந்தது. யாரோ தட்டி எழுப்பி ஊட்டினார்கள். இப்போது மெத்தையும் திரையும் தயார். தூக்கம்தான் வரவில்லை. 1.40க்கு அழுது ஓய்ந்து கண் மூடுவாள். 35 நிமிடத்தில், பக்கத்து மெத்தையில் யாராவது இருமினால் எழுந்துவிடுவாள்.

இதே குழந்தை விடுமுறை நாளில் வீட்டில் அடித்துப் போட்டாற்போல 2 மணி நேரம் தூங்குகிறது. "டேகேரில் சரியாகப் பார்த்துக்கொள்வதில்லையோ" என்று பெற்றோருக்குச் சந்தேகம். "வீட்டில் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்" என்று டேகேரில் முணுமுணுப்பு. பெரும்பாலும் இரண்டுமே இல்லை. பன்னிரண்டு உடம்புகளுக்கு ஒரே கடிகாரம் மாட்டியிருக்கிறது. சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

[காட்சி: எளிய வரைபடம். விழித்திருக்கும் நேரம் கூடக்கூட ஏறும் கோடு. அதன் பின்னால் பகல் இரவாக அசையும் அலை.]

தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன. சூரிச்சைச் சேர்ந்த ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982-இல் முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் தூக்க ஆய்வுக்கு அடித்தளம். ஒன்று, உடலின் நாள் கடிகாரம். மற்றொன்று தூக்க அழுத்தம்: விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது, தூக்கம் அழுத்துகிறது, தூங்கினால் இறங்குகிறது. சிறு குழந்தைக்கு இந்த அழுத்தம் பெரியவர்களைவிட மிக வேகமாக ஏறும். ஆகவேதான் நாளை ஒரே மூச்சில் அவர்களால் கடக்க முடிவதில்லை.

எவ்வளவு நேரம் தாங்கும்? நடைமுறைக் கணக்கு இது: 6 மாதத்தில் 2 முதல் 3 மணி நேரம், ஒரு வயதில் 3 முதல் 4, ஒன்றரை வயதில் ஏறக்குறைய 5. அரை மணி முன்பின் இருக்கும். இப்போது நம் ஒன்றேகால் வயதுக்காரியைப் பாருங்கள். 5.30க்கு எழுந்தவளை 1 மணிக்குப் படுக்க வைத்தால் விழித்திருந்தது ஏழரை மணி நேரம். அந்த எல்லையைத் தாண்டிய குழந்தை சோர்ந்து அடங்குவதில்லை. முரண்டு பிடிக்கும், ஓடும், சிரிக்கும், அடுத்த நிமிடம் அழும். பார்க்கிறவருக்கு "இதற்குத் தூக்கமே வரவில்லை" என்று தோன்றும்.

பல டேகேர்களில் ஒரு வயது முடிந்ததும் பெரிய பிள்ளைகளின் அறைக்கு மாற்றிவிடுகிறார்கள். அந்த அறையில் பகலுக்கு ஒரே தூக்கம். ஆனால் இரண்டு தூக்கத்திலிருந்து ஒன்றுக்குப் பெரும்பாலான குழந்தைகள் தாமாக மாறுவது 15 முதல் 18 மாதத்தில். நடுவில் இருக்கும் அந்த மூன்று, நான்கு, சில சமயம் ஆறு மாதங்கள்தான் இந்த அழுகையில் பெரும்பகுதிக்கு விளைநிலம். அறையை மாற்ற முடியாவிட்டாலும் வழி உண்டு. 9.30 வாக்கில் ஒரு மூலையில் 20, 30 நிமிடம் தூங்க விடுங்கள். அதற்கு மேல் போனால் மெதுவாக எழுப்புங்கள். பெரிய தூக்கம் 1 மணிக்கு வந்துவிடும். அதற்கும் இடமில்லையென்றால், இவளுக்கு மட்டும் சாப்பாட்டை 11 மணிக்குக் கொடுத்து 11.30க்குப் படுக்க வையுங்கள். மற்றவர்கள் சாப்பிடும்போது இவள் தூங்குவாள். சத்தம் இருந்தாலும் பரவாயில்லை, அழுத்தம் அப்போது இவள் பக்கம்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. காலை 8.15க்கு டேகேர் வரும் வழியில் காரில் 15 நிமிடக் கோழித் தூக்கம். பெற்றோர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை, சொல்வதுமில்லை. ஆனால் சேர்ந்திருந்த அழுத்தத்தில் ஒரு பங்கை அந்தத் தூக்கம் கரைத்துவிட்டது. மதியம் ஏன் புரளுகிறாள் என்று டேகேரில் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

[காட்சி: உறங்கும் குழந்தை. ஓரத்தில் ஓடும் கடிகாரம் 40 நிமிடத்தில் நிற்கிறது. குழந்தை அசைகிறது.]

அடுத்தது அந்த 40 நிமிடம். பெரியவர்களின் தூக்கச் சுற்று சுமார் 90 நிமிடம். சிறு குழந்தைக்கு 45 முதல் 60 நிமிடம். ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் எல்லோரும் லேசாக விழிக்கிறோம். போர்வையை இழுத்துக்கொண்டு மறுபடி தூங்கிவிடுகிறோம், நினைவுகூட இருப்பதில்லை. குழந்தையும் அந்த இடத்தில் எட்டிப் பார்க்கிறது. கண் மூடும்போது இருந்தது இப்போதும் இருக்கிறதா? மடியில் ஆட்டித் தூங்கவைத்த குழந்தைக்கு, மடி காணாமல் போயிருக்கிறது. அறையில் வெளிச்சம், பேச்சு, நாற்காலி இழுபடும் ஓசை. முதல் 20 நிமிடத்தில் பாத்திரமே விழுந்தாலும் அசையாதவள், 38ஆவது நிமிடத்தில் ஒரு செருமலுக்கு எழுகிறாள்.

ஆகவே உதவி தேவைப்படும் நேரமும் துல்லியமானது. வழக்கமாக 40 நிமிடத்தில் எழும் குழந்தையின் பக்கத்தில் 30ஆவது நிமிடத்திலேயே போய் உட்காருங்கள். அசைந்ததும் முதுகிலோ மார்பிலோ கையை வைத்து, அழுத்தாமல், அப்படியே வைத்திருங்கள். பேச வேண்டாம், கண்ணைப் பார்க்க வேண்டாம், தூக்கவும் வேண்டாம். 5 நிமிடத்தில் மறுபடி ஆழ்ந்தால் நல்லது. 10 நிமிடமாகியும் விழித்தே இருந்தால் விட்டுவிடுங்கள், அந்தத் தூக்கம் முடிந்துவிட்டது. இந்தக் குழந்தையின் மெத்தை கதவுக்கும் கைகழுவும் தொட்டிக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மெத்தைகளுக்கு இடையே சுமார் 90 செ.மீ. இடைவெளி விட்டு, ஒருவர் தலை இருக்கும் பக்கம் அடுத்தவர் கால் வருமாறு மாற்றி மாற்றிப் படுக்க வைத்தால் பாதிப் பேச்சு நின்றுவிடும்.

வீட்டில் செய்யக்கூடியது: வாரத்தில் சில தூக்கங்களையாவது முழுக்கத் தூங்கிய பிறகு கிடத்தாமல், சொக்கும் கண்ணோடு படுக்கையில் விடுங்கள். வீட்டில் எல்லாவற்றையும் டேகேர்போல மாற்றத் தேவையில்லை. "இங்கே இப்படி, அங்கே அப்படி" என்பதைக் குழந்தைகள் நன்றாகவே பிரித்தறிகிறார்கள்.

மூன்றாவது, விழிப்பின் பக்கம் இழுக்கும் உடம்பு. கார்டிசால் என்ற ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து பகல் போகப்போக இறங்க வேண்டியது. முழுநாள் டேகேரில் இருக்கும் சிறு குழந்தைகளில் பலருக்கு அது மதியத்தை நோக்கி ஏறுவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. அதே குழந்தைகள் வீட்டில் இருக்கும் நாளில் இறங்குகிறது. பொம்மைக்குப் போட்டி, வரிசை, காத்திருப்பு, இத்தனை முகங்கள்: சின்ன மூளைக்கு அது வேலை நாள். கூடவே, 8 மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை பிரிவுப் பதற்றம் தீவிரமாக இருக்கும் காலம். கண்ணை மூடுவது என்பது, தெரிந்த முகத்தைப் பார்வையிலிருந்து விடுவதும்தான். புதிதாகச் சேர்ந்த குழந்தை முதல் சில வாரம் அரைகுறையாகத் தூங்கினால் அது கோளாறு அல்ல.

இங்கே பலனளிப்பது, தூக்கத்தை நோக்கி மெல்ல இறங்கும் ஒரு 15 நிமிடம். சாப்பிட்டு எழுந்த கையோடு படுக்கை என்றால் நடக்காது. டயப்பர் மாற்றுதல், திரையை இழுத்தல், ஒரே பாட்டு, படுக்கை. நாள்தோறும் இதே வரிசை, முடிந்தால் இதே ஆள். மேசை துடைப்பதும் தட்டு கழுவுவதும் குழந்தைகள் தூங்கிய பிறகு அல்ல, படுக்கும் முன்போ வேறு அறையிலோ.

அறையைக் கும்மிருட்டாக்க வேண்டாம். முகத்தின் நிறமும் மூச்சும் தெரிய வேண்டும். இரைச்சலை மறைக்கும் ஒலிக் கருவி வைத்தால் குறைந்தது 2 மீட்டர் தள்ளி, குழந்தை இருக்கும் இடத்தில் 50 டெசிபலுக்கு மிகாமல். பின்கழுத்து வியர்த்திருந்தால் உடுப்பு அதிகம்.

[காட்சி: தட்டையான கட்டில், மல்லாந்து படுத்த கைக்குழந்தை. கட்டிலில் வேறு எதுவும் இல்லை.]

ஒரு வயதுக்குள் என்றால் இதில் பேரமே கிடையாது: மல்லாக்க, கெட்டியான சமதளத்தில், தலையணை, போர்வை, பொம்மை எதுவும் இல்லாமல். "கவிழ்த்துப் போட்டால் நன்றாகத் தூங்குகிறாள்" என்பது உண்மையாகவும் இருக்கலாம், ஆபத்தும் அதில்தான். மல்லாந்தே பழகிய குழந்தையைத் திடீரென்று கவிழ்த்துப் படுக்க வைத்தால் திடீர் மரண அபாயம் பல மடங்கு கூடுகிறது. கார் இருக்கையிலோ ஊஞ்சல் நாற்காலியிலோ தூங்கிவிட்டால் தூக்கிக் கட்டிலில் போடுங்கள். தூக்கம் வரட்டும் என்று சளி மருந்து கொடுப்பது எந்த வயதிலும் கூடாது.

கடைசியாக, தூங்கவே தேவையில்லாத குழந்தை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 2 வயதுக்கு முன் பகல் தூக்கத்தை விடும் குழந்தைகள் 2.5 சதவீதத்துக்கும் குறைவு. 5 வயதுக்குள் 94 சதவீதம் பேர் விட்டுவிடுகிறார்கள். ஆக 3, 4 வயது அறையில் இரண்டு வகையும் கலந்தே இருக்கும். 2015-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில், 60 நிமிடத்துக்கு மேல் கட்டாயமாகப் படுக்க வைக்கப்பட்ட பிள்ளைகள் இரவில் குறைவாகத் தூங்கினார்கள். நேர்மையாகச் சொன்னால், பிள்ளைகள் படுத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரம் டேகேரின் பெரியவர்களுக்கும் தேவை: அவர்கள் சாப்பிடவும் எழுதவும் கிடைப்பது அது ஒன்றுதான். அதற்காகத் தூங்காத பிள்ளையை அசையாமல் கிடத்த வேண்டியதில்லை. 20, 30 நிமிடம் படுத்திருக்கட்டும். தூக்கம் வராவிட்டால் மெத்தையிலேயே ஒரு படப் புத்தகம், சத்தமில்லாத பொம்மை.

எந்த வகை என்று கண்டுபிடிக்க 5 நாள் குறிப்பு போதும். காலையில் எழுந்த நேரம், வழியில் தூங்கிய நிமிடம், படுக்க வைத்த நேரம், கண் மூடிய நேரம், எழுந்த நேரம், எதனால் எழுந்தது. "தூங்கினாளா?" என்ற கேள்விக்கு "கொஞ்சம்" என்ற பதில்தான் கிடைக்கும், "எத்தனை மணிக்குக் கண் மூடினாள்?" என்று கேளுங்கள். கண் மூட 30 நிமிடத்துக்கு மேல் ஆனால் நேரம் தவறு: ஒன்று சீக்கிரம், அல்லது மிகவும் தாமதம். உடனே தூங்கி 40 நிமிடத்தில் எழுந்தால் சுற்று மாறும் இடத்தில் சிக்கல். தூங்காமலே மாலைவரை மலர்ந்த முகம் என்றால் தேவை தீர்ந்துவிட்டது.

பகல் தூக்கம் குறைந்த நாளில் கணக்கை இரவில் நேர் செய்யலாம். 1 முதல் 2 வயதுக்கு 24 மணி நேரத்தில் 11 முதல் 14 மணி நேரம், 3 முதல் 5 வயதுக்கு 10 முதல் 13, பகலும் சேர்த்து. டேகேரில் 40 நிமிடம்தான் என்றால் அன்று படுக்கையை 30 முதல் 60 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். வீடு திரும்பும் வழியில் சொக்கினால் 10, 15 நிமிடத்தில் எழுப்பிவிடுங்கள். ஒரு மணி நேரம் விட்டால் இரவு 10 மணிவரை ஆட்டம்தான். போதுமான நேரம் தூங்கியும் நாள்தோறும் சோர்ந்தே இருந்தால், அல்லது தூக்கத்தில் குறட்டையும் வாய்வழி மூச்சும் இருந்தால், அட்டவணையை மாற்றிப் பயனில்லை. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.