கப்பல் விருந்துக்கு முறையாக உடுத்திப் போங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மாயவரத்துப் பெருமக்களே, வணக்கம்.

"சுற்றுலாக் கப்பலில் இரவு விருந்துக்கு முறையாக உடுத்திப் போவதா, வசதியாக உடுத்திப் போவதா?" இதுதான் தலைப்பு. நம் ஊருக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று இங்கே யாரும் கேட்க மாட்டீர்கள். பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அப்பா அம்மா போய் இறங்கினால் நாலு நாள் கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். டிக்கெட் போட்ட அன்றைக்கே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது: "என்னத்தைக் கட்டிக்கிட்டுப் போறது?"

எதிரணித் தலைவர், "காசு நாம கொடுக்கிறோம், லீவு நம்ம லீவு, அங்கேயும் கோட்டு சூட்டா?" என்று கேட்டார். நல்ல கைதட்டல். ஆனால் கப்பல் ஏறினால் தினமும் கோட்டு மாட்ட வேண்டும் என்பது போலப் பேசிவிட்டு உட்கார்ந்தாரே, அது சரியில்லை. ஒரு வாரப் பயணம் என்றால் பெரும்பாலான கப்பல்களில் அப்படிப்பட்ட இரவு ஒன்றோ இரண்டோதான். மற்ற நாளெல்லாம் நல்ல பேன்ட் சட்டை, சுடிதார், சாதாரணப் புடவை போதும். எந்த இரவு என்ன உடை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். க்யூனார்ட் மாதிரி பழைய கம்பெனிக் கப்பல்களில் கறுப்பு கோட்டு, கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி 'போ டை' என்று ஒரு மிடுக்கு உண்டு. நார்வீஜியன் என்கிற கப்பல் கம்பெனியோ உடை உங்கள் இஷ்டம் என்று 2000-ம் ஆண்டு வாக்கிலேயே விட்டுவிட்டது. அந்த ஓர் இரவுகூட உடுத்த மனமில்லையா? பஃபே திறந்திருக்கும், அங்கே போய்ச் சாப்பிடலாம். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பெரிய சாப்பாட்டு மண்டபத்தில்தான் உட்காரப் போகிறோம் என்று நாமே முடிவு செய்த பிறகு எப்படிப் போகிறோம் என்பதுதான் இங்கே பேச்சு.

நம் பக்கத்து வழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நடவு வயலில் நின்றவர்கூட வாய்க்காலில் கால் கழுவி, வீட்டுக்குப் போய், வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டுதான் கல்யாணப் பந்தியில் உட்காருவார். யாரும் வாசலில் நின்று சட்டம் பேசுவதில்லை. கூப்பிட்டவருக்கும், பக்கத்து இலைக்காரருக்கும், பரிமாறுகிறவருக்கும் தருகிற மரியாதை அது. கப்பலில் தட்டு வைக்கிற பிள்ளைகள் பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் வந்து, மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல் வேலை செய்கிறவர்கள். அவர்கள் மடிப்புக் கலையாத சீருடையில் நிற்கும்போது நாம் அரை டிராயரோடு போய் உட்காரலாமா?

எதிரணிச் சகோதரி பெட்டி எடையைப் பற்றிக் கவலைப்பட்டார். நியாயமான கவலை. விமானத்தில் போய்க் கப்பல் ஏறுகிறவர்களுக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்குதான். ஆனால் கோட்டும் சூட்டும் யார் எடுத்துப் போகச் சொன்னது? ஒரு பட்டு வேட்டி, ஒரு அங்கவஸ்திரம், ஒரு வெள்ளைச் சட்டை. கோட்டு அடைக்கிற இடத்தில் பாதிகூட அடைக்காது. கஞ்சி போட்ட பருத்தி வேட்டி வேண்டாம், மடிப்பு விழுந்தால் விழுந்ததுதான். பெரும்பாலான கப்பல்களில் தீ பயத்தால் நம் அயர்ன் பாக்ஸைக் கொண்டுபோக விடமாட்டார்கள். பட்டு என்றால் முதல் நாளே எடுத்துத் தொங்கவிட்டு, குளிக்கும்போது அந்த ஆவி படும்படி குளியலறைக் கதவில் மாட்டிவைத்தால் சுருக்கம் முக்கால்வாசி போய்விடும். கப்பல் ஆடினால் அவிழ்ந்துவிடுமோ என்று பயப்படுகிற அண்ணன்மார்களே, இடுப்புக்குப் பச்சை பெல்ட் எதற்கு இருக்கிறது? அம்மாக்களுக்கு நம் கொரநாட்டுக் கூறைப்புடவை இருக்கிறது. பட்டும் பருத்தியும் கலந்து நெய்தது, உடம்பில் பாந்தமாக நிற்கும். கொஞ்சம் பகட்டு வேண்டுமென்றால் திருபுவனம் பட்டு. சாப்பாட்டு மண்டபத்தில் ஏசி குளிரும். தோளுக்கு ஒரு சால்வையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், "இது வெள்ளைக்காரன் வழக்கம், நமக்கு எதற்கு?" என்று கேட்டார்கள். எதிரணி சொன்னதிலேயே கனமான வாதம் இதுதான். நின்று பதில் சொல்ல வேண்டிய வாதம்.

2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. தமிழ்நாடே கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் கொண்டுவந்தது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அன்றைக்கு நாம் என்ன கேட்டோம்? "எதை மாட்டிக்கொண்டு வந்தாலும் உள்ளே விடு" என்றா? இல்லை. "எங்கள் வேட்டி உன் கோட்டுக்குச் சமமான முறை உடை" என்று கேட்டோம். இன்றைக்குச் சில கப்பல் கம்பெனிகள் அவரவர் நாட்டு முறை உடையும் கோட்டுக்குச் சமம் என்று உடை விதியிலேயே சொல்கின்றன. சண்டை போட்டு வாங்க வேண்டிய இடம் சும்மாவே கிடைக்கிறது. அந்த இரவில் போய் டீ-ஷர்ட்டோடு உட்காருவதில் என்ன வெற்றி இருக்கிறது?

பெரியவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். ரஜூலா கப்பல் உங்களுக்கு நினைவிருக்கும். எழுபதுகளின் தொடக்கம் வரை நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன கப்பல். நம் பக்கத்து ஆட்களில் பெரும்பாலானவர்கள் டெக் டிக்கெட்டில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள். முதல் வகுப்புச் சாப்பாட்டு அறைக்குள் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. அந்தக் குடும்பங்களின் பேரன்கள் இன்றைக்குத் தாத்தா பாட்டிக்கு மண்டபத்தின் நடுவிலேயே மேஜை பதிவு செய்கிறார்கள். அந்த நாற்காலியில் நம் தாத்தா பட்டு வேட்டியோடு உட்கார வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். இந்த ஆசையைச் சொல்வதற்காகவே இந்தத் தலைப்பில் இந்த அணியைக் கேட்டு வாங்கினேன்.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணியின் அடுத்த பேச்சாளர் எழுந்ததும் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். அந்த நீதிபதியைத் தடுத்தபோது நீங்களும்தானே கோபப்பட்டீர்கள்? அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு போ என்றால் இப்போது ஏன் கசக்கிறது?