சொல்லைத் திரும்ப அழைத்தல்

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலச் சொற்களை மறக்காமல் நினைவில் வைப்பது பற்றிய இந்தப் பேச்சைத் தொடங்கும் முன் உங்களிடம் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து வைக்கிறேன். ரிலக்டன்ட். ஒரு காரியத்தைச் செய்ய மனம் வராமல் தயங்கி நிற்பவரின் நிலை அது. எழுதி வைக்க வேண்டாம், காதில் விழுந்தது போதும். பிறகு கேட்பேன்.

வெள்ளவத்தையில் மாலை வேளைகளில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். வேலை முடித்து, பஸ் நெரிசலில் நின்று வந்து படிக்கிறவர்கள் அவர்கள். சில ஆண்டுகளுக்கு முன், புறக்கோட்டையில் புடைவைக் கடையொன்றில் வேலை செய்யும் தங்கை ஒருவர் மூன்று கொப்பிகளோடு வந்து சேர்ந்தார். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்க் கருத்து. ஒவ்வொரு பக்கமும் முத்து முத்தான எழுத்து. "எல்லாம் பாடம்தான் டீச்சர். ஆனால் கடையில் ஆள் முன்னால் நின்றால் ஒன்றும் வாய்க்கு வருவதில்லை" என்றார்.

கொப்பியை வாங்கி, ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லைக் கேட்டேன். அவருடைய உதடுகள் மெல்ல அசைந்தன. அந்தப் பக்கத்தின் முதல் சொல்லிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு இறங்கி வந்து, கேட்ட சொல்லைத் தொட்டதும் கருத்தைச் சொன்னார். ஏழொன்பது எவ்வளவு என்று கேட்டால் ஏழாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து சொல்லுகிற குழந்தையைப் பார்த்திருப்பீர்கள். அதே நிலைதான். இரவிரவாக விழித்து அந்தத் தங்கை பாடமாக்கியது வரிசையை. அவருடைய உழைப்பை நினைத்து எனக்கு அன்று மிகவும் வருத்தமாக இருந்தது.

ஒரு சொல்லைப் பத்துத் தடவை வாசித்தால் அது பழகிய முகம் ஆகிவிடும். காலி வீதியில் நாள்தோறும் எதிர்ப்படும் முகங்கள் சில உண்டு. பார்த்தவுடன் தெரியும், பெயரைக் கேட்டால் தெரியாது. கொப்பியைத் திறந்து வைத்து வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றுவது இதனால்தான். கொப்பியை மூடிவிட்டு, "தயக்கம் என்பதற்கு என்ன சொல்?" என்று உங்களை நீங்களே கேட்டு, ஒரு கணம் திணறி, அந்தச் சொல்லை உள்ளிருந்து இழுத்து எடுக்கிறீர்களே, அந்தத் திணறலில்தான் சொல் வேர்பிடிக்கிறது. பிழையாக வந்தாலும் பரவாயில்லை. சரியான விடையைப் பார்த்தவுடன் அது முன்னைவிட ஆழமாகப் பதியும்.

எப்போது இழுத்து எடுப்பது? ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன் அறிஞர் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, 1885இல் ஒரு நூலாக வெளியிட்டார். பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாகப் பாடமாக்கி, இடைவெளி விட்டு, மீண்டும் பாடமாக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். இருபது நிமிடத்துக்குப் பின் 58 சதவீதம் மிச்சம். ஒரு நாள் கழித்து 34. முப்பத்தொரு நாள் கழித்து 21. இந்த எண்களைச் சற்று நின்று பாருங்கள். முதல் நாளில் போனதுதான் பெரும் பங்கு. அதன் பின் ஒரு மாதம் முழுவதும் போனது அவ்வளவு அதிகம் இல்லை. பொருளுள்ள சொற்கள் இதைவிட நன்றாகத் தங்கும் என்றாலும், முதல் நாள் சரிவு அவற்றுக்கும் உண்டு. ஆகவே இன்று காலை படித்த சொல்லை இன்று இரவே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளியை நீட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து படிப்பதைவிட நாளுக்குப் பத்து நிமிடம் மேல்.

இதற்கு எளிய கருவி ஒன்று இருக்கிறது. செபஸ்டியன் லைட்னர் என்பவர் 1972இல் விளக்கிய பெட்டி முறை. பழைய கலண்டர் மட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம் எழுதுங்கள். பிஸ்கட் பெட்டியில் ஐந்து அறை வகுத்தால் போதும். சரியாகச் சொன்ன மட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறியது முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையை நாள்தோறும் பாருங்கள், கடைசி அறையை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். எந்தச் சொல் உங்களுக்குத் தண்ணி காட்டுகிறதோ அதற்கே நேரம் போகும்.

சரி, தொடக்கத்தில் தந்த சொல் என்ன? சற்று யோசியுங்கள். நான் சொல்லப்போவதில்லை.

சில சொற்களுக்குக் கொக்கி தேவை. நம் முன்னோர் நிகண்டுகளைச் செய்யுளில் யாத்தது இதற்காகவே. எதுகையும் மோனையும் அடுத்த சொல்லை இழுத்து வந்தன. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ஒலியிலேயே கொக்கி தேடலாம். அந்தப் புடைவைக் கடைத் தங்கைக்கு அன்றாடம் தேவைப்பட்ட சொல் ஷ்ரிங்க். கழுவினால் துணி சுருங்குமா என்று வெளிநாட்டவர் கேட்பார்கள். ஷ்ரிங்க், சுருங்கு. தற்செயலான ஒற்றுமைதான், ஆனாலும் ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். வேறுபடுதல் என்பதற்கு வேரி. அதற்குள் 'வேறு' ஒளிந்திருக்கிறது. 1975இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் அட்கின்சனும் அவருடைய சகாவும் வெளியிட்ட ஆய்வில், 120 ரஷ்யச் சொற்களை இவ்வாறு ஒலியும் மனப்படமும் சேர்த்துப் படித்தவர்கள் 72 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் 46. ஆறு வாரம் கழித்துச் சோதித்தபோது அது 43க்கும் 28க்கும் இறங்கியிருந்தது. கொக்கி போட்டாலும் இடையிடையே திரும்ப அழைக்கத்தான் வேண்டும்.

எந்தச் சொற்களை முதலில் படிப்பது? அகராதியை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். வங்காளத்தில் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட், அதிகம் பயன்படும் சுமார் 2000 சொற்களைத் தொகுத்து 1953இல் வெளியிட்டார். அத்தகைய பட்டியலிலிருந்து தொடங்குவது நல்லது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரட்டைப் பிள்ளைகள் போன்ற சொற்களை ஒரே நாளில் படிக்காதீர்கள். பொரோ, லெண்ட் இரண்டும் நமக்குக் கடன்தான். ஒன்று கடன் வாங்குவது, மற்றது கொடுப்பது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் ஆண்டுக்கணக்காகக் குழம்புவதை வகுப்பில் பார்க்கிறேன். வாங்குவதை நன்றாகப் பழகி, இரண்டு வாரம் கழித்துக் கொடுப்பதைத் தொடுங்கள்.

சொல்லைத் தனியாகவும் விடாதீர்கள். நாம் பலத்த மழை என்போம், பலத்த காற்று என்போம். ஆங்கிலத்தில் மழை ஹெவி, காற்று ஸ்ட்ரோங். சாயம் கூடிய தேத்தண்ணீரும் ஸ்ட்ரோங்தான். ஆகவே மட்டையில் 'ஹெவி' என்று மட்டும் எழுதாமல் 'ஹெவி ரெயின்' என்று எழுதுங்கள்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. இங்கே பெயர்ப்பலகை, வங்கிப் படிவம், ரூபாய்த் தாள் எல்லாம் மும்மொழியில் இருக்கின்றன. பஸ்ஸில் மதகுருமாருக்கு ஒதுக்கிய ஆசனத்தின் மேல் உள்ள எழுத்தைப் பாருங்கள். முதலில் தமிழை வாசித்து, ஆங்கிலத்தில் என்னவாக இருக்கும் என்று மனத்தில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கில வரியைப் பாருங்கள். ஒதுக்கப்பட்டது என்பதற்கு ரிசேர்வ்ட். அதே சொல் உணவகத்து மேசையிலும் இருக்கும். வெவ்வேறு இடங்களில் சந்தித்த சொல் எளிதில் நழுவாது.

அந்தத் தங்கை மூன்று கொப்பிகளையும் வீட்டில் வைத்துவிட்டு, நாளுக்கு ஐந்து மட்டைகளைக் கைப்பையில் கொண்டுபோகத் தொடங்கினார். மூன்றாம் மாதம் ஒரு மாலை, வகுப்புக்குள் நுழையும்போதே, "டீச்சர், இன்று ஒரு வெள்ளைக்கார அம்மா பருத்தித் துணியைப் பிடித்துக்கொண்டு கேட்டார், நான் பதில் சொன்னேன்" என்றார். என்ன பதில் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்திலேயே தெரிந்தது.

தயக்கத்துக்கான அந்தச் சொல்லை இன்று இரவு படுக்கும் முன் ஒருமுறை உங்களையே கேளுங்கள். நாளை காலை பல் துலக்கும்போது, அதை வைத்து உங்களைப் பற்றியே ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். பிறகு மூன்று நாள் விடுங்கள்.

நன்றி. வணக்கம்.