பட்டியலில் இல்லாத நாளுக்கு ஒரு சொல்

நடுவர் அவர்களுக்கும், எதிரே அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம்.

'மனிதர் வளர ஆண்டுக்கு ஒரு சொல் போதுமா, இலக்குப் பட்டியல் வேண்டுமா?' இதுதான் தலைப்பு. ஒரு சொல்லைத் தேர்ந்து, ஆண்டு முழுக்க அதையே மனதில் வைத்துப் பழகினால் போதும் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளினைச் சாட்சிக்குக் கூட்டி வந்தார். "பதின்மூன்று நற்பண்புகளைப் பட்டியல் போட்டு வாழ்ந்தவர் அவர். ஒரே சொல்லோடு நின்றாரா?" என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். ஆனால் பாதியைத்தான் சொன்னார், நடுவர் அவர்களே. பட்டியலில் 13 பண்புகள் இருந்தது உண்மை. அவற்றை அவர் எப்படிப் பழகினார்? கையில் ஒரு சின்ன நோட்டு. பண்புக்கு ஒரு பக்கம். சிவப்பு மையில் கோடு கிழித்து, ஏழு நாளுக்கு ஏழு பத்தி. தவறினால் அந்த இடத்தில் ஒரு கரும்புள்ளி. ஆனால் ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு பண்பின் மேல்தான் முழுக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு 4 சுற்று. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போனால் கவனம் சிதறிவிடும் என்று காரணத்தையும் அவரே எழுதி வைத்தார். எதிரணியின் சாட்சி எங்கள் பக்கம்தான் பேசுகிறார்!

இன்னும் ஒன்று. அந்தப் பதின்மூன்றில் 'ஒழுங்கு' என்பதுதான் தன்னை அதிகம் படுத்தியது என்று அவர் ஒப்புக்கொண்டார். வாரக் கணக்கில் வந்துபோனது அது. ஒரு முழு வருடத்தை அதற்கே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

அடுத்து, எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரு உளவியலாளர்களின் ஆய்வை நண்பர் சொன்னார். 'முடிந்ததைச் செய்' என்பதைவிட, தெளிவான, சற்றுக் கடினமான இலக்கைக் கொடுத்தால் ஆட்கள் நன்றாகச் செய்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. நான் மறுக்கவில்லை. ஆறு மாதத்தில் ஒரு தேர்வை முடிக்க வேண்டுமா, இலக்கை எழுதுங்கள். ஆனால் நாம் வேலை முடிப்பதைப் பற்றிப் பேசவில்லை, மனிதர் வளர்வதைப் பற்றிப் பேசுகிறோம். ஜனவரி முதல் தேதி எழுதும் பட்டியலில் என்ன இருக்கும்? அன்றைக்கு நமக்குத் தெரிந்தது மட்டும்தான் இருக்கும். எடை, சேமிப்பு, படிக்க வேண்டிய புத்தகங்கள். ஜூலையில் வரப்போகிற மனஸ்தாபம் அதில் இருக்குமா? அக்டோபரில் நம்மைத் தேடி வரப்போகிற ஒருவரின் கஷ்டம் இருக்குமா?

என் கதையைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு நான் எடுத்த சொல் 'கேள்'. யார் பேசினாலும் பாதியில் புகுந்து நானே முடித்துவைப்பேன். வீட்டில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். அதனால் அந்தச் சொல்லை ஒரு துண்டுத் தாளில் எழுதி, போன் உறைக்குள் வைத்தேன்.

அம்மா இரவு எட்டரைக்குக் கூப்பிடுவார். ஒரு நாள், நூறு தடவை சொன்ன பழைய வீட்டுக் கதையை ஆரம்பித்தார். "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வாய் வரை வந்துவிட்டது. விரல் உறையின் மேல் பட்டது. பேசாமல் இருந்தேன். கதை முடிந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தமில்லை. பிறகு அம்மா மெதுவாகச் சொன்னார்: "இடது கண்ணு ஒரு மாசமா மங்கலாத்தான் தெரியுதுப்பா. உனக்கு எதுக்குத் தொந்தரவுன்னு சொல்லல."

ஒரு மாதம், நடுவர் அவர்களே. தினமும் பேசியிருக்கிறோம்.

"படி ஏறும்போது தெரியுதாம்மா? எழுத்து தெரியுதா?" என்று அன்றைக்குத்தான் விசாரித்தேன். அந்த வாரமே கண் மருத்துவரிடம் போனோம். கண்புரை. அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது பொடி எழுத்தைக்கூட அவரே படித்துவிடுகிறார். 'அம்மாவின் கண்ணைக் கவனி' என்று ஜனவரியில் எந்தப் பட்டியலில் நான் எழுதியிருக்க முடியும்?

நம் மொழியைப் பாருங்கள். 'கேள்' என்றால் காதைக் கொடு. 'கேள்' என்றால் விசாரி. கேளிர் என்றால் உறவினர். காது கொடுக்கத்தான் நான் அந்தச் சொல்லை எடுத்தேன். அது என்னை விசாரிக்க வைத்து, பெற்ற தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 'பொறு' என்ற சொல்லும் அப்படித்தான். பொறுமையும் அதிலிருந்து வருகிறது, பொறுப்பும் அதிலிருந்து வருகிறது. வருடம் முழுக்கக் கூடவே வைத்திருந்தால் ஒரு சொல் இப்படித் திறந்துகொண்டே போகும்.

"சுவரில் ஒட்டிய சொல் பிப்ரவரியில் கண்ணுக்கே தெரியாது" என்று எதிரணி சொல்லும். நியாயம்தான். சும்மா ஒட்டினால் அப்படித்தான் ஆகும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு வழி இருக்கிறது: 'இன்னது நடந்தால், இன்னது செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைப்பது. அம்மா போன் வந்தால், அவர் முடிக்கும்வரை பேச மாட்டேன். இதுதான் என் முடிச்சு. "அப்படியானால் இதுவும் பட்டியல்தானே" என்றால், இல்லை. அலுவலகத்தில் முடிச்சு வேறு, மகளிடம் வேறு. முடிச்சுகள் மாறின, சொல் மாறவில்லை.

மணி அடித்துவிட்டது. இந்த ஆண்டுக்கு வேறு சொல் எடுக்கவில்லை. அதே தாள்தான் அதே உறைக்குள் இருக்கிறது. மகளிடம் இன்னும் நான் பாதியில் புகுந்துகொண்டுதான் இருக்கிறேன். எதிரணியின் அடுத்த பேச்சாளர் வரட்டும். குறுக்கே பேசாமல், முழுவதும் கேட்கிறேன்.

நன்றி, வணக்கம்.