வர்மத்த ஏன் மறைக்கிறிய, பையன் முரடனாயிருவானா? – சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம் மக்களே. தக்கலை பக்கத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காவ, பையனுக்கு 13 வயசு, லீவு 2 மாசத்துல அடிமுறையும் (நம்ம குமரி மாவட்டத்து சண்டைக் கலை) வர்மமும் (உடம்புல அடி பட்டா ஆபத்தான இடங்களப் பத்தின வித்தை) சேத்து படிச்சு குடுப்பியளான்னு. அதோட இன்னொண்ணு, கராத்தே கிளாஸ்ல ஒழுக்க விதியெல்லாம் சுவத்துல எழுதி போட்டிருக்காவ, உங்க களரில அப்பிடி ஒண்ணும் காணல, பையன் முரடனாயிருவானோன்னு பயமா இருக்குன்னு.

நல்ல கேள்வி தான். கராத்தேய நான் குறை சொல்ல மாட்டேன், ஃபுனாகோஷின்னு ஒரு பெரியவர் 20 விதி எழுதி வச்சாரு, வணக்கத்துல தொடங்கி வணக்கத்துல முடியணும்னு முதல் விதி, கராத்தேல முதல் அடி கிடையாதுன்னு ரெண்டாவது. அருமையான விஷயம். ஆனா சுவத்துல இருக்கதும் பையன் கைல இருக்கதும் ஒண்ணு இல்லல்லா.

நம்மட்ட போர்டு கிடையாது. எதுக்கு அப்புறம் எது படிக்கணும்ங்கிற வரிசைல தான் எல்லாம் இருக்கு. வந்த உடனே வெத்தல பாக்கு வச்சு தட்சிணை, மண்ணத் தொட்டு வணக்கம், அப்புறம் ஒற்றைச்சுவடு. மாசக்கணக்கா அதே சுவடு தான், கால் இப்பிடி வை, கை அப்பிடி வீசுன்னு. எதிர்ல ஆளே கிடையாது, காத்துல தான் வீசணும், செம போர் அடிக்கும், சண்டை போடணும்னு வந்தவன் முக்காவாசி அதுலயே ஓடிருவான். எனக்கு என்னமோ அதுக்குத்தான் அந்த வரிசையே வச்சிருக்காவன்னு தோணும்.

அப்புறம் தான் ஜோடி போட்டு கூட்டச்சுவடு, அதுல அடி எதிராளி மேல படுறதுக்கு முன்னாடி நிக்கணும், ஏன்னா அவன அடிச்சு படுக்க வச்சிட்டா நாளைக்கு நீ யார் கூட பழகுவ?

இனி வர்மம். 108 வர்மம்னு கணக்கு, அடி பட்டா உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அத விட கொஞ்சம் குறைஞ்ச தொடுவர்மம் 96. பழைய சுவடில ஒவ்வொண்ணுக்கும் அடி பட்டா என்ன குறி காட்டும், எத்தன நாழிகைக்குள்ள இளக்கணும்னு, அதாவது அடி பட்டவன சரி பண்ணி எடுக்கணும்னு சொல்லியிருக்கு, ஒரு நாழிகைன்னா 24 நிமிஷம், அப்ப பாத்துக்கிடுங்க. அந்த இளக்குறதுக்கு அடங்கல்னு தனி இடங்கள் உண்டு. என் ஆசான் எனக்கு முதல்ல காட்டினது அடங்கல தான், அடிக்க எங்க அடிக்கணும்ங்கிறது வருஷங்கழிச்சு தான் வந்துச்சு. எடுக்கத் தெரியாதவனுக்கு குடுக்க எதுக்கு தெரியணும்ம்பாரு. நம்ம மாவட்டத்துல ஆசான்னா பாதி பேருக்கு ஒடிவு முறிவு கட்டுற வைத்தியர் தானே ஞாபகம் வரும், அது சும்மா இல்ல.

என் கத ஒண்ணு சொல்லுதேன். பத்தாம் கிளாஸ் படிக்கும்போ ஒருத்தன் என்ன கேலி பண்ணான்னு படிச்ச பூட்ட, அதாவது கைய மடக்கிப் பிடிக்கிற பிடிய, அவன் கைல போட்டுட்டேன், மணிக்கட்டு வீங்கிப் போச்சு. ஆசானுக்கு விஷயம் போயிருச்சு, திட்டுவாருன்னு பாத்தா ஒரு வார்த்த பேசல, தைல குப்பிய கைல குடுத்து போய் தடவிட்டு வான்னாரு. 14 நாள், தினமும் சாயங்காலம் அவன் வீட்டு திண்ணைல உக்காந்து அவன் கைய மடில வச்சு தடவணும். அவங்க அம்மா முதல் ரெண்டு நாள் முகம் குடுக்கல, மூணாம் நாள் சாயா தந்தாவ, அந்த சாயா தான் எனக்கு தொண்டைல இறங்கல. அன்னைக்கு அடி வாங்கியிருந்தா மறந்திருப்பேன்.

இதுக்காக மறைக்கிறது எல்லாம் நியாயம்னு சொல்ல வரல. யாருக்கும் சொல்லாம மனசுக்குள்ளயே வச்சு செத்துப்போன ஆசான்மாரு எத்தன பேரு, மருந்து முறையும் அவிய கூடவே போச்சு, அது நட்டம் தான். இன்னொரு பக்கம் ரகசியம் ரகசியம்னு சொல்லியே காசு பாக்குறவனும் உண்டு. ஒரு விரல்ல தொட்டா ஆள் பொத்துன்னு விழுற வீடியோ வருதுல்லா, விழுறவன் அவனுக்க சொந்த சிஷ்யனா இருப்பான், அத நம்பி பிள்ளையள அனுப்பாதிங்க.

அக்கா, உங்க பையன அனுப்புங்க. 2 மாசத்துல ஒற்றைச்சுவடு கொஞ்சம் வரும், ஆசை இருந்தா குறுந்தடி பிடிக்க சொல்லி குடுக்கலாம், உடம்பு நல்லா வளைஞ்சு குடுக்கும். வர்மம் வராது, அத இப்பமே சொல்லிருதேன், அப்புறம் பீஸ் திருப்பி கேக்கப்பிடாது. முதல் நாள் நீங்களும் கூட வந்து ஒரு மணிக்கூர் உக்காந்து பாருங்க, ஒரு தோர்த்து மட்டும் குடுத்து விடுங்க, ஷூ எல்லாம் வேண்டாம். சரி, அடுத்த கேள்வி சிலம்பக் கம்பு எந்த மூங்கில்ல எடுக்கணும்னு ஒரு தம்பி கேட்டிருக்கான், அதுக்கு வருவோம்.