தாது வருடத்து மழை எங்கே போயிற்று?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். "பூமியை அறியப் பெரிதும் துணை நிற்பது துறைதோறும் பகுத்துப் பார்க்கும் அறிவா, அனைத்தையும் இணைத்துப் பார்க்கும் அறிவா?" என்ற தலைப்பில், இணைத்துப் பார்க்கும் அறிவே என்று வாதிட வந்திருக்கிறேன். கண்ணில் கோளாறு என்றால் கண் மருத்துவரைத்தானே தேடிப் போகிறோம் என்று கேட்டு எதிரணித் தலைவர் கைதட்டலும் வாங்கிவிட்டார். ஆனால் விழித்திரையில் இரத்தக் கசிவைக் கண்ட அந்தக் கண் மருத்துவர், நோயாளியிடம் முதலில் சர்க்கரை நோய் உண்டா என்றுதான் கேட்பார். கண்ணோடு நின்றுவிடாத கண் மருத்துவரைத் தம் சாட்சியாக அழைத்து வந்ததற்கு எதிரணித் தலைவருக்கு நன்றி.

எனக்குள்ள நேரத்தில் ஒரே ஒரு வழக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: பருவமழை ஏன் சில ஆண்டுகளில் பொய்க்கிறது? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய கொடுமையைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் பெயரிட்டு நினைவில் வைத்திருந்தார்கள். அதே காலத்தில் வட சீனத்திலும் பிரேசிலின் வடகிழக்கிலும் மழையின்றி மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். மூன்றும் ஒரே நிகழ்வின் மூன்று முகங்களாக இருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கும் கருவி அன்றைய அறிவியலிடம் இல்லை. இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரான ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயமலையின் பனிப்பொழிவு மிகுந்தால் பருவமழை குறையும் என்று 1884-இல் எழுதினார். அது பயனுள்ள முயற்சிதான். ஆனாலும் பனியை மட்டும் நம்பி மழையை முன்னறிவிக்க முடியவில்லை என்பதை 1899-இன் பெரும் வறட்சி காட்டிவிட்டது.

1904-இல் வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர். அவர் கேம்பிரிட்ஜின் கணித அறிஞர். வானிலையியலில் பயிற்சி பெற்றவர் அல்லர். தனித்துறைப் புலமையே போதும் என்று சொல்லும் நண்பர்கள் இந்த நியமனத்தை எப்படி ஏற்றுக்கொள்வார்கள் என்று தெரியவில்லை. அவர் இந்திய மழையின் காரணத்தை இந்தியாவுக்குள் தேடவில்லை. உலகின் பல நிலையங்களிலிருந்து காற்றழுத்தம், வெப்பநிலை, மழை அளவுகளைத் திரட்டி, கணினிகள் இல்லாத அக்காலத்தில் எழுத்தர்களைக் கொண்டு ஒன்று மாறும்போது மற்றொன்று எப்படி மாறுகிறது என்று காட்டும் ஒப்புறவுக் கணக்குகளைக் கையாலேயே போட வைத்தார். பசிபிக்கில் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, இங்கே ஏறும்போது அங்கே இறங்குகிறது என்ற ஊசலை அந்த எண்களுக்குள் கண்டார். அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டு 1924-இல் வெளியிட்டார். ஊசல் இருப்பதை அவர் காட்டினார். அதை ஆட்டுவது எது என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. கடல் அவருடைய கணக்கில் இன்னும் போதிய அளவு நுழையவில்லை.

கடலின் பக்கத்தை அறிந்தவர்கள் வேறொரு கரையில் இருந்தார்கள். சில ஆண்டுகளில் கிறிஸ்துமஸ் காலத்தில் கடல்நீர் வெதுவெதுப்பாகிவிடும் என்பது பெரு நாட்டின் மாலுமிகளுக்கும் மீனவர்களுக்கும் பழகிய செய்தி; எல் நினோ என்ற பெயரே அவர்கள் வைத்ததுதான். மீனவரின் கடலும் வாக்கரின் காற்றும் பல பத்தாண்டுகள் ஒன்றையொன்று சந்திக்காமலே கிடந்தன. 1957-58-இல், சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டுக்காகப் பல நாடுகள் ஒரே சமயத்தில் அளவெடுத்தபோது, அந்த வெதுவெதுப்பு பெருவின் கரையோடு நிற்காமல் பசிபிக்கின் நடுப்பகுதி வரை பரவியிருந்தது தெரியவந்தது. அந்த அளவுகளை வைத்துக்கொண்டு, நார்வேயிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஜேக்கப் பியர்க்னஸ் 1960-களில் இரண்டு பாதிகளையும் பொருத்தினார்.

அவர் கண்டது இதுதான். வணிகக் காற்று கிழக்கிலிருந்து வீசி வெப்பநீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளுகிறது. அதனால் பெருவின் கரையோரம் ஆழத்துக் குளிர்நீர் மேலெழுகிறது. இரு கரைகளுக்கும் இடையிலான அந்த வெப்ப வேறுபாடே காற்றை மேலும் வலுப்படுத்துகிறது. காற்று தளர்ந்தால் வெப்பநீர் கிழக்கே திரும்புகிறது; அதுதான் எல் நினோ. மழைமேகங்களும் அதனுடன் நம் பக்கத்தை விட்டு நகர்கின்றன, வேறுபாடு குறைந்ததால் காற்று இன்னும் தளர்கிறது. இதில் கடல் காரணமா, காற்று காரணமா என்று கேட்டால் விடையே கிடையாது, நடுவர் அவர்களே. கடலியல் நூலில் பாதியும் வானிலையியல் நூலில் பாதியும் எழுதி வைத்திருந்தவரை, இரண்டு பாதிகளும் உண்மையாகவே இருந்தன. ஆனால் மழை பொய்ப்பதற்கு விளக்கம் எந்த நூலிலும் இல்லை.

இந்தச் சங்கிலி கரையோடும் நிற்பதில்லை. குளிர்நீர் மேலெழாவிட்டால் அதில் வரும் சத்துகள் இல்லை. சத்துகள் இல்லாவிட்டால் மிதவை உயிரிகள் இல்லை. அவை இல்லாவிட்டால் நெத்திலி இல்லை. 1970-இல் 1 கோடியே 20 லட்சம் டன்னை எட்டியிருந்த பெருவின் நெத்திலிப் பிடிப்பு, 1972-73 எல் நினோவிலும் அளவுமீறிய மீன்பிடிப்பிலும் சரிந்து விழுந்தது. கால்நடைத் தீவனத்துக்கான மீன் தூள் தட்டுப்பட, சோயாவின் விலை எகிற, 1973-இல் அமெரிக்கா சோயா ஏற்றுமதிக்கே தடை விதித்தது. பெருங்கடலின் வெப்பம் வேளாண் வணிகக் கொள்கையைத் தொட்ட இந்தக் கதையை எந்த ஒரு துறையின் பாடத்திட்டத்தில் அடைப்பீர்கள்?

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கூர்மையான ஒரு கணை தொடுத்தார். 1997-இல் நூற்றாண்டின் மிக வலிமையான எல் நினோக்களில் ஒன்று வந்தபோதும் இந்தியாவில் பருவமழை இயல்பாகவே பெய்தது, அப்படியானால் உங்கள் இணைப்பு எங்கே அறுந்தது என்று கேட்டார். இந்த அவையில் இதுவரை எழுந்த கேள்விகளில் இதுவே சிறந்தது. விடை 1999-இல் வந்தது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடாகி, சுமத்ரா பக்கம் குளிரும் இருமுனை நிலை ஒன்று உண்டு என்பதை இந்திய, ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 1997-இல் அந்த நிலை வலுவாக இருந்து எல் நினோவின் தாக்கத்தை இங்கே தணித்திருந்தது. இணைப்பு அறுந்ததாகத் தோன்றிய இடத்தில் இருந்தது, கணக்கில் சேர்க்கப்படாத இன்னோர் இணைப்பு.

தமிழ்நாட்டுக்காரர்கள் இதை வேறு விதத்திலும் அறிவார்கள். 2015 எல் நினோ ஆண்டில் நாட்டின் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டின் வடகிழக்குப் பருவமழையில்தான் சென்னை மூழ்கியது. எல் நினோ ஒரு பருவத்தை ஒடுக்கி, அடுத்த பருவத்துக்கு வலுவூட்டும் போக்குடையது. வெள்ளத்துக்கு அது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஏரிகளின் மேல் கட்டியதற்குப் பசிபிக்கைக் குற்றம் சொல்ல முடியாது.

துறை அறிவு வேண்டாம் என்பது எங்கள் அணியின் வாதமன்று. வெப்பமானியை நுட்பமாகச் செய்பவர் இல்லாமல் வாக்கரும் இல்லை, பியர்க்னஸும் இல்லை. ஆனால் தலைப்பு, பெரிதும் துணை நிற்பது எது என்று கேட்கிறது. எனவே எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் ஒன்று கேட்டு அமர்கிறேன். 1982 வசந்தத்தில் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வெடித்து, கந்தகத் துகள்களை மேகங்களுக்கும் மேலுள்ள அடுக்குமண்டலத்தில் பரப்பியது. அந்தத் திரையினூடே கடலைப் பார்த்த செயற்கைக்கோள்கள் உண்மையைவிடக் குளிர்ந்த அளவுகளைக் காட்டின; கீழே கடுமையான எல் நினோ வளர்ந்துகொண்டிருந்தது வெகுநாள் தெரியாமலே போயிற்று. அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க வேண்டியவர் கடலியலாளரா, எரிமலை ஆய்வாளரா, செயற்கைக்கோள் பொறியாளரா? அவர் ஒரே ஒரு துறையின் பெயரைச் சொல்லி நிறுவட்டும். என் வாதம் முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.